குருத்தோலைக் கரி

எங்கள் சர்ச்சில் ஒரு சாம்பல் புதனன்று அத்தனை பேரும் நெற்றியில் வாங்கிக்கொண்டு போனது சாம்பலே இல்லை. அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான். இதுவரை இரண்டே பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் ஃபாதர். இன்னொருவரிடம் சொன்ன நாளை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. தேங்காய்ச் சிரட்டை, கரும்புச் சக்கை, வாழைத்தண்டு என்று செடிகொடி மிச்சங்களை எடுத்து, காற்றே படாமல், ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டுக் கரியாக்குவேன். அதை அரைத்து அலுமினியத் தகட்டில் பூசினால் சோடியம் பேட்டரிக்கு ஒரு முனை தயார். லித்தியம் மாதிரி தேடி அலைய வேண்டாம், சோடியம் சமையல் உப்பிலேயே இருக்கிறது. ஆனால் அதன் உடம்பு பெரிது. போன் பேட்டரியில் போடும் கிராஃபைட்டின் இடுக்கில் அது நுழையாது. செடியிலிருந்து வரும் கரி உள்ளே கோணல்மாணலாக அடுக்கியிருக்கும். அந்தச் சந்துபொந்துகளில் சோடியம் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். கரியில் உப்பும் மண்ணும் கலந்திருந்தால் பேட்டரி கெட்டுவிடும் என்பதால், சுட்ட பிறகு ஆசிட்டிலும் காரத்திலும் மாற்றி மாற்றி அலசுவோம். அதே மிச்சங்களைக் காற்றுப்படும்படி எரித்தால் கரி போய் வெறும் சாம்பல்தான் மிஞ்சும். இவ்வளவுதான் நான் டாக்டர் பட்டம் வாங்கின படிப்பு. இதற்காக ஊரைவிட்டுச் சிங்கப்பூர் வந்து, செங்காங்கில் வீடெடுத்து, ஜூரோங் பக்கம் இருக்கும் லேபுக்கு தினமும் ரயிலில் தூங்கி வழிந்துகொண்டு போகிறேன்.

இனி சர்ச் விஷயம். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாக மடித்து, வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒரு வருஷம் செருகி வைத்திருப்போம். மந்திரித்ததைக் குப்பையில் போடக்கூடாது. சாம்பல் புதனில் தொடங்கும் அடுத்த தவக்காலத்துக்கு முன் சர்ச்சில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கோயில்பிள்ளை, அதாவது சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் அங்கிள், அதையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு எரிப்பார். அந்தச் சாம்பலைத்தான் ஃபாதர் எங்கள் நெற்றியில் வைப்பார்.

அந்த வருஷம் ஜனவரியில், பூசை முடிந்து கீழே கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அங்கிள் ரொம்பவும் நொந்துகொண்டார். போன வருஷம் புகை வந்ததென்று பக்கத்துக் கட்டடத்தில் புகார் கொடுத்துவிட்டார்களாம். இந்த வருஷம் எங்கே வைத்து எரிப்பது என்று தெரியவில்லையாம். நான் என் வடையைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருந்ததா? எங்கள் லேபில் ஃபர்னஸ் இருக்கிறது, புகையே வராது, மூட்டையை என்னிடம் கொடுங்கள், மாவு மாதிரி சாம்பலாக்கித் தருகிறேன் என்றேன். டாக்டர் இருக்கும்போது என்ன கவலை என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து மேசைக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சத்தியமாகச் சாம்பலாக்கத்தான் வாங்கினேன். ஆனால் லேபில் அப்போது என் நிலைமை படுமோசம். ஜூனோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது. எட்டு மாதமாகச் சுட்ட சிரட்டைக் கரி எதுவும் உருப்படியில்லை. என் ப்ராஃபசர் கத்தக்கூடிய ஆளில்லை. ஏதாவது புதிதாக உண்டா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போவார். அதற்குக் கத்தினாலே தேவலை. அப்படி ஒரு நாள் அவர் கேட்டுவிட்டுப் போன பிறகு, மேசைக்கடியில் கிடந்த மூட்டையை அவிழ்த்தேன். ஒரு வருஷம் மின்விசிறிக் காற்றில் காய்ந்த ஓலை, கையில் எடுத்தால் சலசலவென்றது. இதைவிட நன்றாகக் காய்ந்த சரக்கு எனக்கு எங்கே கிடைக்கும்? ஒரு பிடிதானே, மூட்டையில் குறைவது யாருக்குத் தெரியும் என்று எடுத்துக் கரியாகச் சுட்டேன்.

வந்தது பாருங்கள் ஒரு முடிவு! பேட்டரியை ஏற்றி இறக்கிச் சோதிக்கும் மெஷினில் நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது, நான் இதுவரை பார்க்காத நீளத்துக்கு மின்னழுத்தக் கோடு சமதளமாக ஓடியது; அது எவ்வளவு நீளமோ பேட்டரி அவ்வளவு நல்லது. சந்தோஷத்தில் எழுந்து போய்ப் பாத்ரூமில் நின்று அழுதேன். ப்ராஃபசர் கோட்டைப் பார்த்துவிட்டு, நல்லது, இன்னும் இரண்டு முறை செய்து காட்டு என்றார். ஒரு முறை வருவதை யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் தொழிலில் மூன்று முறை வர வேண்டும். ஓலையில் கால் பங்குகூடக் கரியாக மிஞ்சாது, அலசும்போது அதிலும் கொஞ்சம் போய்விடும். இரண்டாம் முறைக்கு மூட்டையில் பாதி போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் சர்ச்சில் ஓர் ஆன்ட்டி என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார். ஆன்ட்டி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பார். முந்தின வருஷம்தான் கணவர் போயிருந்தார். சாம்பல் புதனுக்கு இரண்டு ஞாயிறு முன்பு, எல்லோரும் கலைந்த பிறகு, என்னைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்தார். உள்ளே ஓர் ஓலைச் சிலுவை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"ஹாஸ்பிட்டல்ல படுத்துக்கிட்டே அவரு மடிச்சதும்மா. கை நடுங்கிச்சு, அதான் கோணலா இருக்கு. கடைசி வரைக்கும் தலைமாட்டு போர்டுல குத்தி வச்சிருந்தோம். குடுக்க வேணாம், நானே வச்சுக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம் யோசிச்சேன், சாம்பல்ல சேர்ந்தா என் நெத்திக்கு வந்துடுவாரு லா."

"கண்டிப்பா ஆன்ட்டி. நானே பார்த்துப் போடுறேன்."

இது என் வாயால் சொன்னது. அந்தக் கவரை லேபில் என் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் பத்திரமாகத்தான் சாய்த்து வைத்தேன். மூட்டையில் மீதி இருப்பதோடு அதைச் சேர்த்து எரித்துச் சாம்பலாக்குவது என்று திட்டம். ஆனால் மூன்றாம் முறைக்கு மூட்டை முழுவதையும் கொட்டி நறுக்கியும் எடை கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். இரண்டாம் முறை என்ன எடை வைத்தேனோ அதையே வைக்காவிட்டால் ஒப்பிட முடியாது. தராசைப் பார்த்தேன். கவரைப் பார்த்தேன். ஓலை ஓலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிலுவையை எடுத்தபோது நடுவில் ஊசி குத்தின ஓட்டை தெரிந்தது. கத்தரிக்கோலால் முதலில் நீளமான கையை வெட்டினேன். பிறகு குட்டையானதை. பீங்கான் பாத்திரத்தில் மற்ற ஓலையோடு தள்ளி, ஃபர்னஸ் குழாய்க்குள் விட்டு, காற்றை விரட்டும் ஆர்கான் வாயுவைத் திறந்து சூடேற்றிவிட்டு, கீழே போய் நூடுல்ஸ் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மூன்றாம் முறையும் அதே கோடு வந்தது.

திங்கட்கிழமை அங்கிள் போன் செய்து, நாளைக்குச் சாம்பல் வேண்டுமே என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேறு ஓலை வாங்கியாவது எரித்திருக்கலாம். தேக்கா மார்க்கெட்டில் தோரணத்துக்குத் தென்னங்குருத்து விற்கிறார்கள், காசு கொடுத்தால் கட்டாகத் தருவார்கள். சோம்பேறித்தனம். பேட்டரி லேப் எல்லாவற்றிலும் மின்சாரம் நன்றாகப் பாய்வதற்காகக் கலக்கும் கருப்புத் தூள் ஒன்று டப்பா டப்பாவாக இருக்கும், கடையில் விற்கும் சரக்கு. அதில் இரண்டு கரண்டியை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டேன். தோலில் பட்டால் ஒன்றும் ஆகாதே என்று மட்டும் அதன் பாதுகாப்புத் தாளைப் படித்துப் பார்த்தேன். அந்த விவகாரம் முழுக்க எனக்கு இருந்த மனசாட்சி அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயந்திரம் வேலை முடிந்து ஓடி வந்தபோது, பீடத்துக்குப் பின்னால் அங்கிள் தட்டை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். தூள் தண்ணீரில் கலக்கவே மாட்டேன் என்று மேலே மிதந்தது. அதன் குணம் அது, எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைத்தார். பிறகு என்ன, தார் மாதிரி ஆகிவிட்டது. ஃபாதர், நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்ற வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி வரிசையாக எல்லோருக்கும் வைத்தார். நானும் போய் நின்று நெற்றியை நீட்டினேன். என்ன நெஞ்சழுத்தம்!

அது போகவில்லை. மற்ற வருஷங்களில் வீட்டுக்குப் போவதற்குள் உதிர்ந்துவிடும் சாம்பல், இந்த முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேலி. ஆபீசில் எல்லோரும் நெற்றியையே பார்க்கிறார்கள் என்று ஒருவர். எலுமிச்சம்பழத்தில் தேய்த்தும் தன் கட்டைவிரல் வெளுக்கவில்லை என்று ஃபாதரே எழுதினார். டாக்டர் சரக்கு சிங்கப்பூர் குவாலிட்டி என்று யாரோ பாராட்ட, கும்பிடுகிற கை எமோஜி ஒன்றை அனுப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கேன்டீனில் அத்தனை பேருக்கும் நடுவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மூணு நாளும்மா. நான் மூஞ்சியில சோப்பே போடல. மூணு நாள் அவரு போகவே இல்ல."

அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. சுற்றி இருந்தவர்களிடமும் சொன்னார். குளிக்கும்போது நெற்றியில் தண்ணீர் படாமல் துண்டு கட்டிக்கொண்டாராம். காலையில் கண்ணாடியைப் பார்த்து அவருக்குக் குட்மார்னிங் சொன்னாராம். சனிக்கிழமை அது மங்கி மறைந்தபோதுதான் அவரை உண்மையாகவே வழியனுப்பின மாதிரி இருந்ததாம். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான், சந்தோஷம் ஆன்ட்டி, என்றேன். அந்தச் சந்தோஷம் என்ற சொல்லை இன்றுவரை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரலில் கான்ட்ராக்டை இரண்டு வருஷம் நீட்டினார்கள். கட்டுரை எழுத உட்கார்ந்தேன். பொருள் எங்கே கிடைத்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். உள்ளூரில் சேகரித்த கழிவு ஓலை என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடுங்கின கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மடித்தது கழிவா? சீ, என்ன பிறவி நான் என்று இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டுச் சொல்லிவிட்டேன். ஃபாதர் தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டார். தன் கையாலேயே வைத்தேனே என்றுதான் யோசித்திருப்பார். பிறகு, ஜெபமெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார்.

ஆன்ட்டி வீடு தேக்கா மார்க்கெட்டை ஒட்டிய அடுக்குமாடி புளோக்கில். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை காலை லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கி, வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆரஞ்சு வாங்கினேன். கைப்பையில் இன்னொன்றும் இருந்தது. மூன்றாம் முறை சுட்ட கரியில் மீதியிருந்ததை, ஒரு சிட்டிகைதான், சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வந்திருந்தேன். அதைக் கொடுத்தால் பாதிப் பாவமாவது தீரும் என்று ஒரு நப்பாசை.

அவர் டீ போட்டு வைத்தார். எதிரே சுவரில் திருஇருதயப் படம், சிவப்பு பல்பு. படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது இந்த வருஷத்துப் புது ஓலை மட்டும்தான். நான் கரி, சாம்பல், காற்று என்று ஏதேதோ ஆரம்பித்தேன். லேப் பாடம் எடுப்பதாக நினைத்து அவர் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒண்ணும் புரியல. அவரு ஓலையை எரிச்சியா, எரிக்கலையா?"

"எரிக்கல ஆன்ட்டி. கரியாக்கி என் பேட்டரிக்கு எடுத்துக்கிட்டேன்."

"அப்ப ஃபாதர் வச்சது?"

"அது கடையில விக்கிற கரித்தூள். லேப்ல இருந்தது."

அவர் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. ஒரு விரலால் அங்கே மெல்லத் தடவினார்.

"அப்ப மூணு நாள் இங்க இருந்தது யாரு?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவரிடம் மிச்சமிருந்த ஓலையை மட்டும் நான் எடுக்கவில்லை, அந்த மூன்று நாளையும் இப்போது எடுத்துக்கொண்டேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அந்த நிமிஷம் தோன்றியது. அதையும் எனக்காகத்தான் நினைத்தேனே தவிர அவருக்காக இல்லை.

குப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். உங்கள் வீட்டுக்காரர் ஓலை இதில்தான் இருக்கிறது, மற்றவர்களுடையதும் கலந்திருக்கிறது என்றேன். ஆன்ட்டி அதை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதை எரிச்சா சாம்பல் வருமா?"

"வரும் ஆன்ட்டி. நான் செஞ்சு கொண்டுவரேன்."

பாருங்கள், மறுபடியும். யோசிக்காமல், கேட்ட மறுநொடியே. அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதி. குப்பியை என் கையில் கொடுத்து, வாங்கி வந்த ஆரஞ்சில் பாதியை எனக்கே கட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கே ஜூரோங்குக்குப் போனேன். வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கழுவித் துடைத்து, குப்பியில் இருந்தது அத்தனையையும் தட்டிக் கவிழ்த்தேன். இந்த முறை ஆர்கான் இல்லை, காற்றுள்ள ஃபர்னஸ். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறின பிறகு கதவைத் திறந்தேன்.

கிண்ணம் காலி. சாம்பல் பூத்த தடம்கூட இல்லை.

முதல் வருஷ மாணவிக்குத் தெரிந்த விஷயம் இது. சாம்பல் என்பதே ஓலையில் இருக்கும் உப்பும் மண்ணும்தான். கரி எரிந்து காற்றோடு போனபின் மிஞ்சுவது அது. அதையெல்லாம் ஒரு துளி விடாமல் ஆசிட்டிலும் காரத்திலும் நானே அலசி எடுத்திருந்தேன். ஆசிட் கழிவு என்று என் கையெழுத்தில் லேபிள் ஒட்டின பாட்டிலில் ஊற்றி, அதை லாரிக்காரர்கள் கொண்டுபோய் இரண்டு மாதமாகிவிட்டது. ஆன்ட்டியின் கணவர் மடித்த ஓலையின் சாம்பல் அந்தப் பாட்டிலில் போயிருந்தது. கடைசியாக இருந்த ஒரு சிட்டிகைக் கரியையும் இப்போது நான் காற்றில் விட்டுவிட்டேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

வேறு ஏதாவது சாம்பலைக் கொஞ்சம் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று அப்போதும் மனசு ஒரு முறை கேட்டது. கேட்டது என்பதை மறைக்கப் போவதில்லை.

மறுநாள் பூசைக்குப் பிறகு கிண்ணத்தை அப்படியே கைக்குட்டையில் சுற்றி ஆன்ட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்று, சாம்பல் வரவில்லை, இனி வராது, அதைக் கழுவிக் கொட்டினதும் நான்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையைப் பிரித்தார். கிண்ணத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, அடியிலும் ஓரத்திலும் ஒரு சுற்றுத் தடவினார். விரலைத் தூக்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

அந்த விரலால் தன் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை.